கொம்பு சீவின ரோலக்ஸ்

ஏங் கண்ணு, போன நோம்பிக்கு ஊருக்கு வந்தப்ப ஒரு தோல்பொட்டிய மடியிலயே வெச்சுக்கிட்டுக் காருல இருந்து எறங்குனயே, ஞாபகம் இருக்குதா? பேரன் அம்மாயிக்கு ஏதோ நகை வாங்கியாந்திருக்கறான்னு ஒரு நிமிசம் எனக்கு நெஞ்சு பூரிச்சுப் போச்சு. தொறந்து பாத்தா பன்னெண்டு குழி. குழிக்கொரு வாட்ச்சு தலைகாணி வெச்சுப் படுத்துக் கெடக்குது. பன்னெண்டும் பன்னெண்டு விதமா மணி காட்டுது. "ஏஞ் சாமி, எல்லாமே ரிப்பேரா?"ன்னு கேட்டன். "இல்லீங் அப்புச்சி, ஆட்டோமேட்டிக். கையில கட்டுனாத்தான் ஓடும், கழட்டி வெச்சா ரெண்டு நாள்ல நின்னுரும்"னே. அதுக குழிக்குள்ள இருந்தபடியே சுத்திக்கிட்டு இருக்கறதுக்குக் கரண்டுல ஓடற பொட்டி ஒண்ணு விக்கறாங்க, அடுத்த மாசம் வாங்கப் போறன்னும் சொன்னே. பேட்டரியே வேண்டாம்னு வாங்குன வாட்ச்ச ஓட்டறதுக்குக் கரண்டுல ஒரு பொட்டி! அன்னைக்கு ராத்திரி அதை நெனச்சு நெனச்சு நாஞ் சிரிச்சதுல உங்க அம்மாயி எந்திரிச்சு உக்காந்து என்ற நெத்தியத் தொட்டுப் பாத்தா.

கேலி பண்றன்னு கோவிச்சுக்காதே. எனக்கும் இந்தச் சீக்கு இருந்ததுதான், பண்டம் வேற. நாப்பது வருசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்கு நான் போகாம இருந்ததில்ல. மாடு வாங்கறதுக்குன்னு போனது நாலு தரம் இருக்கும். மத்த வருசமெல்லாம் சும்மா பாக்கறதுக்கு. சுழி பாத்து, திமிலத் தடவிப் பாத்து, எவனோ ரெண்டு பேரு துண்டுக்கடியில வெரலப் புடிச்சு வெலை பேசறத எட்டி நின்னு பாத்து, பொழுதோட ஊடு வந்து சேருவன். உங்க அம்மாயி கேட்டா "யாவாரம் படியல"ம்பன். நீ ஆபீசு நேரத்துலயும் போன்ல வாட்ச்சுப் படந்தான் பாக்கறேன்னு உங்கம்மா பொலம்புனப்ப நான் வாயே தொறக்கலயே, கவனிச்சயா?

அந்தச் சனிக்கெழம திண்ணையில உக்காந்து ஒண்ணப் பிரிச்சயே. சீக்கோ, எஸ்.கே.எக்ஸ். 007. 1996ல வந்த மாடலு, இப்ப செய்யறதில்லைன்னே. உலகம் பூராவும் அதைத்தான் வாங்கிப் பிரிக்கறாங்களாம். டயலு, முள்ளு, கண்ணாடி, மேல் வளையம், சாவி எல்லாம் சில்லறையாக் கெடைக்குதாம். பழைய மிசினுக்குச் சாவி கொடுக்கவும் முடியாது, சாவிய இழுத்தா செகண்டு முள்ளு நிக்கவும் நிக்காது. அதே கம்பெனியோட என்.எச். 35 மிசின உள்ள வெச்சா ரெண்டும் ஆகும், நாப்பது மணி நேரம் ஓடும்னு சொன்னே. சரீன்னு பக்கத்துல வந்து உக்காந்தன். மொதல்ல பேன நிறுத்தச் சொன்னே. டயல் மேல ஒரு துளி தூசி விழுந்தாலும் கண்ணாடி போட்டப்பறம் அது பாறாங்கல்லாட்டத் தெரியுமாம். சித்தரை வெயிலு, பேன் இல்ல, "மூச்சக் கொஞ்சம் அந்தப் பக்கம் உடுங்க அப்புச்சி"ன்னு வேற. உன்ற வெரலுக்கெல்லாம் குட்டிக் குட்டி ரப்பர் தொப்பி. கண்ணுல லென்சு. கண்ணாலத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்பக் கூட நீ அத்தனை பயபக்தியா உக்காந்து நான் பாக்கல.

ஆனா ஒண்ணு சொல்லோணும். முள்ளு போடாத டயல வெச்சுக்கிட்டுச் சாவிய மெதுவாத் திருகிக்கிட்டே இருந்தே. தேதி எப்பக் குதிக்குதோ அந்த நொடியில நிறுத்தி, மணி முள்ளையும் நிமிச முள்ளையும் நேரா பன்னெண்டுல நிறுத்தி அமுக்குனே. இல்லாட்டித் தேதி மத்தியானம் மூணு மணிக்கு மாறிக்கிட்டு நிக்கும்னே. கன்னு கால் மாறிக் கெடக்கறப்ப உள்ள கைய உட்டுத் திருப்பற வைத்தியன் கை அப்படித்தான் போகும். கண்ணு எங்கயோ இருக்கும், வெரலு பாத்துக்கிட்டு இருக்கும். அன்னைக்கு உன்னைய நான் பாராட்டல. பாராட்டியிருந்தா அடுத்த நோம்பிக்குப் பதிமூணாவது வந்திருக்கும்.

பட்டிப்பொங்கலுக்கு நாம கொம்பு சீவறதில்லையா? எண்ணெ தடவி, ஒண்ணுக்குப் பச்சை ஒண்ணுக்குச் செவப்புன்னு வண்ணம் அடிக்கறதில்லையா? என்ற மாடு, என்ற கொம்பு. நீ டயலு மாத்தறதும் அந்தக் கணக்குத்தான். இதுக்குப் போயி சுவிஸ் நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் ரோலக்ஸ் கம்பெனி வழக்காடியிருக்குது, 2024 ஜனவரியில தீர்ப்பாச்சுன்னு போன்ல படிச்சுக் காட்டுனே. சொந்தக்காரன் தன்ற வாட்ச்சக் கொண்டாந்து, எனக்கு இந்தமாதிரி மாத்திக் கொடுன்னு கேட்டா, மாத்திக் கொடுக்கற பட்டறைக்காரன் மேல குத்தமில்ல. பட்டறைக்காரனே வாட்ச்ச வாங்கி, மாத்தி, கம்பெனி பேரோட சந்தைக்குக் கொண்டாந்தா மட்டும் ஆகாதாம். இதை எங்க தரகனா இருந்தா வெத்தலை மென்னுக்கிட்டே ஒரு வார்த்தையில தீத்து வெச்சிருப்பான். வக்கீல் பீசும் மிச்சம்.

ஆனா அதே கொம்பு, அதே அரம், வேற சோலியும் செய்யும் கண்ணு. பசு கன்னு போடப் போடக் கொம்புல வளையம் விழும். வளையத்த எண்ணுனா ஈத்து தெரிஞ்சுரும். சில மகராசனுக அந்த வளையத்த அரத்துல ராவி, எண்ணெ போட்டுப் பளபளன்னு ஆக்கி, "ரெண்டாம் ஈத்துங்"கன்னு கட்டி வெப்பானுக. எனக்கே ஒருத்தன் கட்டி வெச்சான். எந்தச் சந்தைன்னு கேக்காதே, மானம் போகும். ஊட்டுக்கு ஓட்டியாந்து சாவகாசமாப் பல்லப் புடிச்சுப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது, அது கொள்ளுப்பேத்தி எடுத்த பசு.

வாட்ச்சுலயும் வளையம் ராவறது உண்டுங்கறத நீ சொல்லித்தான் கேட்டன். ரோலக்ஸ் டேட்டோனாவுல ஒரு மாதிரி டயலு அந்தக் காலத்துல போணியாகாமக் கெடந்துச்சாம். பால் நியூமன்னு அமெரிக்க நடிகர் ஒருத்தரு கட்டியிருந்தாரு. பின் மூடியில "பாத்து ஓட்டுங்க"ங்கற மாதிரி எழுத்து வெட்டி அவரு சம்சாரம் வாங்கிக் கொடுத்தது. 2017ல நியூயார்க்குல ஏலம் உட்டா, 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போயிருக்குது. நம்ம காசுல நூறு கோடிக்கு மேல. உங்க அம்மாயி அம்பது வருசமா நான் வண்டியெடுக்கறப்பெல்லாம் "பாத்துப் போங்க"ன்னு சொல்றா, ஒருத்தனும் ஒரு ரூவா கொடுக்கல. அந்த டயலுக்கு வெலை ஏறுனதும், சாதா டேட்டோனாவுல அதேமாதிரி டயல அச்சடிச்சு மாட்டி விக்கற கூட்டமும் கெளம்பிருச்சுன்னே. அரம் எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான்.

இனி உன்னையப் பாக்க வந்த அந்தச் செவத்த பையன் விசயத்துக்கு வருவம். டவுன் பஸ்ஸுல படியில தொங்கிக்கிட்டு வந்து எறங்குனான், கையில பத்து லட்ச ரூவா ரோலக்ஸ் சப்மரீனர்! சீனாவுல செஞ்ச நகலு, ஆனா மிசின் மொதக்கொண்டு அச்சு அசல்னு அவனே காதுல சொன்னான். முந்தியெல்லாம் நகல்ல பேட்டரி மிசின் இருக்கும், செகண்டு முள்ளு நொடிக்கு ஒரு தாவு தாவும், பாத்ததும் புடிச்சரலாமாம். அசல் மணிக்கு 28,800 அடி அடிக்கும், அதாவது நொடிக்கு எட்டு. அதனால முள்ளு வழுக்கிக்கிட்டுப் போகுது. இப்ப நகலும் எட்டு அடிக்குதாம். "பாருங் அப்புச்சி, எப்படி வழுக்குது"ன்னு மூக்குக்குக் கிட்ட நீட்டுனான். வழுக்குச்சு, நான் இல்லைங்கல. விக்கறவன் மாட்டுனா 1999ஆம் வருசத்து வணிகச் சின்னச் சட்டப்படி ஆறு மாசத்துல இருந்து மூணு வருசம் வரைக்கும் உள்ள இருக்கோணும், 50,000ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதமும் கட்டோணும். கட்டிக்கிட்டுத் திரியறவனுக்கு என்ன தண்டனைன்னு நான் அன்னைக்குத்தான் பாத்தன்.

கெணத்துக்குக் கூட்டிட்டுப் போனன். டயல்ல 300 மீட்டர்னு எழுதியிருக்குதே, நம்ம கெணறு அறுவது அடிதான், குதி சாமின்னன். பையன் மொதல்ல வாட்ச்சக் கழட்டி என்ற கையில கொடுத்துட்டுத்தான் சட்டையக் கழட்டுனான். அசல் வெச்சிருக்கறவனும் பயத்துல கழட்டியிருப்பான், வாஸ்தவம். ஆனா முன்னப்பின்ன பழக்கமில்லாத கெழவன் கையில கொடுப்பானா? கோயிலுக்கு வேண்டிக்கிட்டு மண்ணுல மாடு செஞ்சு வெக்கறமே, உருவாரம், அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்குது. குயவர் அதை மாடுன்னு சொல்லித் தர்றதில்ல, சாமியும் பால் கேக்கறதில்ல. இவன் உருவாரத்தக் கொண்டாந்து கட்டுத்தறியில கட்டி, தண்ணி காட்டாம மறைச்சு வெச்சுக்கிட்டு, வாறவன் போறவனையெல்லாம் பல்லப் புடிச்சுப் பாருங்கறான்.

அவனுக்கு என்ற சார்புல ஒரு ரோசனை சொல்லிரு. கட்டறதுன்னு ஆச்சு, அரைகுறையாக் கட்டக்கூடாது. வாட்ச்சுக்குத் தக்க சட்டை, சட்டைக்குத் தக்க காரு, காருக்குத் தக்க ஊடுன்னு எல்லாத்தையும் அதே சீனாவுல அதே ஆளுககிட்டச் சொல்லி வெக்கட்டும். கடைசியா ஒரு மாமனாரையும்.

நீங்க ரெண்டு பேரும் கெணத்துல கெடந்தப்ப, அந்த ரோலக்ஸ நான் கட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டு வந்தன், தெரியுமா? கைய மேசை மேல நல்லா நீட்டி வெச்சுக்கிட்டு உக்காந்தன். டீ மாஸ்டர் ரெண்டு தரம் பாத்துட்டு, "என்னங் பெரியவரே, பேரன் டைட்டன் வாங்கிக் கொடுத்தாப்பலயா?"ன்னான். "ஆமா"ன்னுட்டன். எங்காளுக்கு அதுதான் பெரிய வாட்ச்சு. டிட்கோவும் டாட்டாவும் கூட்டுச் சேந்து 1984ல ஆரம்பிச்சு, நம்ம ஓசூர்ல பேக்டரி போட்டு, பேட்டரி வாட்ச்ச ஊருக்கெல்லாம் பழக்குனாங்க. சாவி கொடுக்கற எச்.எம்.டி.க்கு அப்ப இருந்தே எறங்குமுகம். 2016ல மத்திய சர்க்கார் அந்த வாட்ச்சுக் கம்பெனிய மூடறதுன்னே முடிவு பண்ணிருச்சு.

எச்.எம்.டி.ன்னதும் உனக்கு மூஞ்சி மலருது பாரு. என்ற கையில இருக்கற ஜனதாவப் பாத்துட்டு நீ குதிச்ச குதி இன்னும் கண்ணுல நிக்குது. 1961ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனி கூட்டுல பெங்களூர்ல ஆரம்பிச்சது, மொதல் வாட்ச்சுகள நேரு வெளியிட்டாரு, அப்படி இப்படின்னு எனக்கே என்ற வாட்ச்சுப் பத்திப் பாடம் எடுத்தே. என்ற மாமனாரு சீர்ல கட்டுனது அது. டயல்ல 17 ஜுவல்ஸ்னு போட்டிருந்தத எவனோ படிச்சுச் சொல்லி, உள்ள பதினேழு கல்லு இருக்குது, கழட்டித் தோடு பண்ணிக் கொடுங்கன்னு உங்க அம்மாயி ஒரு வருசம் அக்கப்போரு பண்ணுனா. சக்கரத்தோட அச்சு தேயாம இருக்கறதுக்கு வெக்கற செயற்கை செவப்புக் கல்லு, வெலை ஒண்ணும் பெறாதுன்னு ரிப்பேர்க்காரர் வாயாலயே சொல்ல வெச்சப்பறந்தான் உட்டா.

மும்பையில பழைய எச்.எம்.டி. மிசினு மேல கிளிப்பச்சையும் ஆரஞ்சுமாப் புது வண்ணம் அடிச்ச டயல மாட்டி, பழசுன்னு வெளிநாட்டுக்காரங்களுக்கு விக்கறாங்க, அந்தமாதிரி ஏமாந்துரக்கூடாதுன்னு சொல்லிட்டு, என்ற கையப் புடிச்சு லென்சு வெச்சுப் பாத்தே. "அப்புச்சி, இது அசல் டயல்தானுங்களே?"ன்னே. திண்ணையில நீ நீல டயலு மாட்டுன அந்தச் சீக்கோவ எனக்குக் கொடுத்துட்டு இதை மாத்திக்கறன்னும் சொன்னே. நான் தலையாட்டுனன்.

மாட்டுக் கட்டுத்தறியில சாணி அள்ளறப்பத் தண்ணி பூந்து அந்த டயலு 1989லயே புள்ளி புள்ளியாப் போச்சு சாமி. பஸ் ஸ்டாண்டு ரிப்பேர்க்காரர் செத்துப்போன இன்னொரு ஜனதாவுல இருந்து டயலக் கழட்டி மாட்டுனாரு. முள்ளு மூணாவது ஒண்ணுது. சாவி எதுதுன்னு அவருக்கே தெரியாது. கண்ணாடி நாலு தரம் மாத்தியாச்சு.

சொல்லிட்டன். நீல டயலு எனக்கு இன்னும் புடிச்சுத்தான் இருக்குது. ஆடிக்கு வா, துண்டு என்றகிட்ட இருக்குது.