பாட்டிகள், ஒரு தலைவி, ஒரு ஸ்பேனர்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஆப்பிரிக்கக் கிராமங்களைப் பற்றியவை. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: ஆப்பிரிக்கக் கிராமம் என்றாலே படத்தில் ஒரு வெளிநாட்டு டாக்டரும் ஒரு ஜீப்பும். உள்ளூர்க்காரர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: போட்டோகிராபர் வந்ததே அந்த ஜீப்பில்தானே! உள்ளூர்க்காரர் அந்நேரம் எங்காவது நடந்து போய்க்கொண்டிருப்பார்.

செனகலின் டெம்பா ஜவாரா அப்படி நடந்தவர். கேர் சிம்பாரா என்ற ஊரின் தலைவர், இமாம். 1997 ஜூலையில் மாலிகுண்டா பம்பாரா ஊர்ப் பெண்கள், பெண்குழந்தைகளுக்குச் செய்யும் பிறப்புறுப்புச் சிதைப்புச் சடங்கை இனிச் செய்வதில்லை என்று ஊரறிய அறிவித்தார்கள். ‘டோஸ்டான்’ அமைப்பு நடத்திய வகுப்புகளில் படித்தவர்கள் அவர்கள். சுற்றுவட்டாரத்தில் பாராட்டைவிட வசவுதான் அதிகம் கிடைத்தது. ஜவாராவுக்கும் முதலில் இதில் உடன்பாடில்லை. நாலு பேரை விசாரித்தபின் மனம் மாறினார். மாறியதும் அவர் கேட்டது இதுதான்: ஓர் ஊர் மட்டும் நிறுத்தினால் அந்த ஊர்ப் பெண்ணை யார் கட்டுவார்கள்? கொள்வினை கொடுப்பினை உள்ள ஊர்கள் அத்தனையும் சேர்ந்து நிறுத்தினால்தான் நிற்கும் என்றார்.

யோசனை சொன்னவர் வீட்டில் உட்காரவில்லை. வயதான காலத்தில் ஊர் ஊராக நடந்து உறவுக்காரர்களிடம் பேசினார். யாரையும் திட்டவில்லை, சடங்கின் பெயரைச் சொல்லி அவமானப்படுத்தவும் இல்லை. 1998 பிப்ரவரியில் ஜபூகூ என்ற ஊரில் 13 கிராமங்கள் கூடி அறிவித்தன. நாட்டின் தடைச் சட்டம் 1999 ஜனவரியில்தான் வந்தது. டோஸ்டானைத் தொடங்கிய மோலி மெல்ச்சிங் அமெரிக்கப் பெண்மணி. சம்பந்தி வீட்டுக் கணக்கைத் தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜவாராதான் என்று அவரே சொல்லிவந்திருக்கிறார்.

கேள்வி: ஊர் ஊராக நடப்பானேன்? சட்டம் போட்டால் முடிந்தது!
– வழக்கறிஞர், மதுரை

பதில்: தொழில் பாசம் புரிகிறது. மலாவியில் 2015-ல் சட்டம் வந்தது: 18 வயதுக்குமுன் கல்யாணம் கிடையாது. ஆனால் பெற்றோர் சம்மதித்தால் 15 வயதிலேயே செய்யலாம் என்று அரசியல் சாசனத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்க 2017 ஆயிற்று.

டெட்சா மாவட்டத்தின் பாரம்பரியத் தலைவி தெரசா கச்சிந்தமோட்டோ அதுவரை காத்திருக்கவில்லை. ஒரு கல்லூரியில் 27 ஆண்டு செக்ரட்டரியாக இருந்தவரை 2003-ல் ஊர் கூப்பிட்டுத் தலைவியாக்கியது. வந்து பார்த்தால், இடுப்பில் குழந்தையோடு பன்னிரண்டு வயதுச் சிறுமிகள். குழந்தைத் திருமணத்தை நிறுத்துவோம் என்று, தனக்குக் கீழுள்ள குட்டித் தலைவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கல்யாணத்தையும் நடத்திவைத்த நான்கு பேரின் பதவியைப் பறித்தார். அவர்கள் ஓடிப்போய் அந்தக் கல்யாணங்களை முறித்துவிட்டு வந்தபிறகே பதவி திரும்பக் கிடைத்தது. பள்ளியிலிருந்து எந்தப் பெண் நிற்கிறாள் என்று துப்புச் சொல்ல ஊருக்கு ஊர் ரகசியத் தாய்மார்களை வைத்திருந்தார். 2016-க்குள் 850-க்கு மேற்பட்ட குழந்தைத் திருமணங்கள் ரத்து. கொலை மிரட்டல்களும் வந்தன. எந்த சப்-இன்ஸ்பெக்டரைவிடவும் ஊர் வாய் அறிந்த அம்மா வேகமானவர் என்பது உங்களுக்கும் தெரிந்ததுதானே, வக்கீல் சார்?

கேள்வி: கிராம சுகாதாரத் தொண்டர்களுக்குச் சம்பளம் கொடுத்தால் தொண்டு மனப்பான்மை கெட்டுவிடாதா?
– பெயர் வெளியிட விரும்பாத சங்கச் செயலாளர், சேலம்

பதில்: அமைச்சர்களும் மக்கள் தொண்டர்கள்தாம். அவர்கள் சம்பளத்தை நிறுத்திச் சோதித்துப் பார்த்துவிட்டு இந்தப் பெண்களிடம் வருவோமா?

எத்தியோப்பியா 2003-ல் ஒரு காரியம் செய்தது. பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டுப் பயிற்சி தந்து, ஐயாயிரம் பேர் உள்ள பகுதிக்கு இரண்டு பேர் என்று அரசுச் சம்பளத்தில் அமர்த்தியது. இப்படி 30,000-க்கு மேல் சேர்ந்தார்கள். தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை, கழிப்பறை, மலேரியா மாத்திரை எல்லாம் அவர்கள் தலையில். ஆனால் அதே அரசு 2011-க்குப் பிறகு, அவர்களுக்கு உதவியாக லட்சக்கணக்கான பெண்களைச் சம்பளமே இல்லாமல் ‘பெண்கள் மேம்பாட்டுப் படை’யாகத் திரட்டியது. படை என்று பெயர் வைத்தால் காசு தரவேண்டாம் போலும்.

லைபீரியா வேறு வழி போனது. உள்நாட்டுப் போர் முடிந்தபோது நாற்பது லட்சம் பேர் வாழும் நாட்டில் மிஞ்சிய டாக்டர்கள் ஐம்பது பேர் அளவில்தான். போரில் ஒன்பது வயதில் தப்பி ஓடிய ராஜ் பஞ்சாபி என்ற இந்திய வம்சாவளிப் பையன், டாக்டராகித் திரும்பி 2007-ல் ‘லாஸ்ட் மைல் ஹெல்த்’ அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆஸ்பத்திரிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களில் அந்த ஊர்க்காரரையே பயிற்றுவித்து, மருந்துப் பையும் மாதச் சம்பளமும் தருவது திட்டம். எபோலா ஆட்டிப்படைத்தபின் 2016-ல் அரசே அதைத் தேசியத் திட்டமாக எடுத்துக்கொண்டது. மாதம் 70 டாலர் அளவில் சம்பளம். உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் தன் வழிகாட்டுதலில், செய்யும் வேலைக்கேற்ற ஊதியம் கொடுங்கள் என்று எழுதிவிட்டது. ஆனாலும் ஆப்பிரிக்காவில் பெரும்பாலான ஊர்த் தொண்டர்கள் இன்றும் சம்பளமில்லாமலோ, பஸ் செலவுக்குக்கூடக் காணாத படியிலோதான் உழைக்கிறார்கள். மேடையில் ‘தியாகச் செம்மல்’ பட்டம் மட்டும் தாராளம்.

கேள்வி: மனநோய்க்குப் பாட்டி வைத்தியமா? ஜிம்பாப்வேயில் நடக்கிறதாமே!
– மருந்தாளுநர், ஈரோடு

பதில்: பாட்டி உண்டு, கஷாயம் இல்லை. மனநல டாக்டர் டிக்சன் சிபாண்டாவின் நோயாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரப் பஸ் கட்டணம் இல்லை, அதுதான் காரணம். நாடு முழுவதும் மனநல டாக்டர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். 2006-ல் ஹராரேயின் எம்பாரே பகுதியில் அவருக்குக் கொடுக்க அரசிடம் இருந்தது 14 பாட்டிகள் மட்டுமே. அறைகூட இல்லை. எனவே ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடி பெஞ்ச்.

மனநல பெஞ்ச் என்று பலகை மாட்டலாம் என்றார் டாக்டர். ஒரு குருவிகூட வந்து உட்காராது என்று பாட்டிகள் தடுத்து, நட்பு பெஞ்ச் ஆக்கினார்கள். பேசவிட்டுக் கேட்டு, இருக்கும் பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து அதற்கு வழி தேடுவது முறை. 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016-ல் அமெரிக்க மருத்துவ இதழான ‘ஜாமா’வில் வந்தது: பாட்டியிடம் பேசியவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது. பின்னர் பெஞ்ச் கிராமங்களுக்கும் போனது.

உங்கள் கடைக்கு முன்னால் ஒரு பெஞ்ச் போடுங்களேன். மாத்திரை விற்பனை குறையும், பரவாயில்லையா?

கேள்வி: பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் மேலே ஏறும் பம்ப் ஒன்று வந்ததே, என்ன ஆயிற்று?
– இன்ஜினீயர், கோவை

பதில்: பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. ‘பிளேபம்ப்’ என்ற அந்தத் தென்னாப்பிரிக்கச் சரக்குக்கு 2006-ல் 1.64 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ். அதன் இலக்கை எட்டப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-ல் லண்டன் ‘கார்டியன்’ கணக்குப் போட்டது! கடைசியில் குடத்தோடு வந்த அம்மாக்கள்தான் ராட்டினத்தைத் தள்ளினார்கள். பழைய கைப்பம்பைக் கழற்றிவிட்டல்லவா இதை வைத்திருந்தார்கள்?

கைப்பம்பில் நமக்கும் பங்கு உண்டு. யுனிசெஃப் துணையோடு எழுபதுகளில் உருவான ‘இந்தியா மார்க் 2’ பம்பைச் சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் தயாரித்தது. ஆப்பிரிக்கா முழுக்க அது போனது. கெட்டிதான், ஆனால் ரிப்பேர் என்றால் குழாயைத் தூக்க ஆள்படை வேண்டும். அதனால் எண்பதுகளில் மலாவியிலும் கென்யாவிலும் ‘அஃப்ரிடெவ்’ பம்பை உருவாக்கினார்கள். ஊரில் இரண்டு பெண்கள், கையில் ஒரே ஒரு ஸ்பேனர், கழற்றி மாட்டிவிடலாம். அதற்கு லாரா புஷ் வரவில்லை.

கேள்வி: படித்த பெண்கள் ஊருக்குத் திரும்புவார்களா? நம்மூரில் யாரும் திரும்பவில்லையே!
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தருமபுரி

பதில்: ‘கேம்ஃபெட்’ அமைப்பு 1993-ல் ஜிம்பாப்வேயில் படிக்கவைத்த முதல் 32 பெண்களில் ஆஞ்சலின் முரிமிர்வா ஒருவர். பின்னாளில் அந்த அமைப்புக்கே தலைமை நிர்வாகி ஆனார். இப்படிப் படித்தவர்கள் 1998-ல் தங்களுக்குள் சங்கம் கண்டார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது வட்டிக் கணக்கு: தொழில் தொடங்கக் கடன் வாங்கும் பெண் வட்டியைப் பணமாகக் கட்டவேண்டாம், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக உழைத்துக் கழிக்கலாம். நம்மூர்க் கந்துவட்டிக்காரர் இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

கேள்வி: மருந்து இல்லாமல் ஒரு நோயை ஒழிக்க முடியுமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: கினிப் புழு நோய் எனப்படும் நரம்புச் சிலந்தியைக் கேளுங்கள். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. 1986-ல் உலகில் 35 லட்சம் பேருக்கு இருந்தது, 2023-ல் 14 பேருக்கு. குடிநீரைத் துணியில் வடிகட்டு, புழு வெளிவரும் காலைக் குளத்தில் வைக்காதே: இந்த இரண்டையும் வீடு வீடாகச் சொன்ன ஊர்த் தொண்டர்கள் செய்த வேலை. பெயர், ஒழிப்பு இயக்கத்தை முன்னின்று நடத்திய முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு. அவர் தகுதியானவர்தான், மறுக்கவில்லை.

கேள்வி: ஊரே கூடிச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறீர்கள்?
– சந்தேகப் பேர்வழி, நாகர்கோவில்

பதில்: இல்லவே இல்லை. சுதந்திர கென்யாவில் ‘ஹராம்பே’ என்று மக்கள் காசு போட்டு உயர்நிலைப் பள்ளிகளைக் கட்டினார்கள், ஏராளமாக. காசுள்ள ஊரில் நல்ல பள்ளி, இல்லாத ஊரில் பெயர்ப்பலகை. நன்கொடை மேடை அரசியல்வாதிக்கு ஓட்டு மேடையும் ஆயிற்று. ஊர் செங்கல் தரலாம். ஆசிரியர் சம்பளத்தை அரசு தராவிட்டால் அது வெறும் சுவர்தான்.

கேள்வி: விடுமுறையில் ஆப்பிரிக்கா போய்ப் பள்ளிக்கூடம் கட்ட ஆசை. யோசனை சொல்லுங்கள்.
– மென்பொருள் பொறியாளர், சென்னை

பதில்: கொத்து வேலை தெரியுமா? அங்கே தெரிந்தவர்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். விமான டிக்கெட் காசை அவர்கள் கூலிக்கு அனுப்பலாம். செல்பிதான் வராது.

கேள்வி: எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இனிமேல் போய்ப் படிக்கவா?
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: கென்யாவில் 2003-ல் தொடக்கக் கல்வி இலவசமானது. அடுத்த ஆண்டே 84 வயது கிமானி மாருகே, அரைக்கால்சட்டைச் சீருடையோடு ஒன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்தார். மாணவர் தலைவரும் ஆனார். ஏன் படிக்க வந்தார் தெரியுமா? பாதிரியார் பைபிளைச் சரியாகத்தான் வாசித்துச் சொல்கிறாரா என்று அவருக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கு எந்தச் சாமியார்மேல்?