அரண்மனை மூடல்: ஒரு திணையியல் ஆய்வு

முன்னுரை

புகழ்பெற்ற கட்டடங்களை வைத்துப் பிழைக்கும் ஏமாற்றுக் கலையில் இரு மரபுகள் உண்டு. முதலாவது விற்றல் மரபு. 1925இல் பாரிஸ் நகரில் விக்டர் லுஸ்டிக் என்பார் ஈஃபிள் கோபுரத்தைப் பழைய இரும்பாக ஒரு வியாபாரிக்கு விற்றார். நியூயார்க்கில் ஜார்ஜ் பார்க்கர் என்பார் புரூக்ளின் பாலத்தைப் பலமுறை விற்றார். தாஜ்மகாலை விற்றதாகச் சொல்லப்படும் நம் நட்வர்லாலும் இம்மரபினரே.

இரண்டாவது மூடல் மரபு. இது பாங்காக் நகரில் செழித்தது. இம்மரபினர் கட்டடத்தை விற்பதில்லை. திறந்திருக்கும் அரண்மனையை ஒரே வாக்கியத்தில் மூடிவிடுகின்றனர்: "இன்னிக்கு அரண்மனை லீவு சார்."

விற்றல் மரபினருக்குப் போலிப் பத்திரம், அரசு முத்திரை எனச் செலவு உண்டு. மூடல் மரபினருக்குச் சலவைச் சட்டையும் நமக்காக வருந்தும் முகமும் போதும். இத்தகைய சிக்கனக் கலையை ஆய்வுலகம் பொருட்படுத்தாதது பெருங்குறை. அதை நீக்க, தொல்காப்பியரின் முதல், கரு, உரி என்னும் முப்பொருள் பாகுபாட்டைத் துணைக்கொள்கிறது இக்கட்டுரை. அவர் பாங்காக் சென்றதற்குச் சான்றில்லை. ஆயினும் பாகுபாடு பொருந்துகிறது.

முதற்பொருள்

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், பாங்காக் பெரிய அரண்மனையின் வெளிமதில். 1782இல் முதலாம் ராமா மன்னர் கட்டத் தொடங்கிய அரண்மனை இது. மதிலின் மொத்த நீளம் சுமார் 1,900 மீட்டர். பயணிகள் நுழைய வேண்டியது வடபுறத்து விசேத் சாய் சி வாயிலில். 2019இல் திறந்த சனாம் சாய் மெட்ரோ நிலையமோ தெற்கே இருக்கிறது. இறங்கியவர் நீண்ட மதிலைக் கடந்தே வாயிலை அடைய வேண்டும். வழியில் உள்ள மற்ற வாயில்கள் பயணிகளுக்குத் திறப்பதில்லை. மூடிய அவ்வாயில் ஒன்றன் முன் நின்று "மூடியிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அது பொய்யாகுமா? அந்தக் கதவைப் பொறுத்தவரை அவர் அரிச்சந்திரர். அரண்மனையைப் பொறுத்தவரைதான் சிக்கல்.

பொழுது, காலைக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்டது. அரண்மனை காலை 8.30க்குத் திறந்து பிற்பகல் 3.30 வரை நுழைவுச்சீட்டு வழங்கும். வார விடுமுறை கிடையாது. பெரும்பொழுது எப்போதும் வேனில்தான். உச்சி காய்ந்தவருக்குப் பத்து நிமிட நடையும் பாலை வழியே.

மூடலுக்குச் சொல்லப்படும் காரணம் மூவகைப்படும். உள்ளே துறவியர் வழிபாடு நடக்கிறது என்பது முதல்வகை. அங்குள்ள மரகத புத்தர் கோயிலோ துறவியர் குடியிருப்பே இல்லாத கோயில். இன்று புத்தர் திருநாள் என்பது இரண்டாம் வகை. முற்பகலில் தாய்லாந்து மக்களுக்கு மட்டும், வெளிநாட்டவருக்கு ஒரு மணிக்கு மேல் என்பது மூன்றாம் வகை. மூன்றனுள் இதுவே தலையாயது. அரண்மனையை மறுக்காமல் தள்ளிப்போடுகிறது. பயணியின் கையில் மூன்று மணி நேரம் சும்மா கிடக்கும்படி செய்கிறது. அதை நிரப்ப வருபவையே கருப்பொருள்கள்.

கருப்பொருள்

தெய்வம்: "அதிர்ஷ்ட புத்தர்." வாட் இந்தரவிஹான் கோயிலில் 32 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் புத்தர் பயணியை அழைத்துச் செல்லும் சுற்றில் அடிக்கடி இடம்பெறுகிறார். அவர்மேல் குற்றமில்லை.

ஊர்தி: துக்-துக். நம் ஊர் ஆட்டோவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நான்கு இடம் சுற்றிக் காட்ட 20 பாட். மீட்டர் டாக்சியில் ஏறி உட்கார்ந்தாலே 35 பாட் ஆகும் ஊரில் இது எவ்வாறு கட்டுபடியாகும்? எனின், பயணியைக் கடைக்குள் விட்டால் ஓட்டுநருக்கு எரிபொருள் கூப்பனும் கமிஷனும் கிடைக்கும் என்க.

உடை: இருபத்துநான்கு மணி நேரத்தில் தைத்துத் தரும் கோட்டு. உணவு: நகைக்கடையில் கேளாமலே வரும் குளிர்பானம். தொழில்: உதவி.

உரிப்பொருள்

அகத்திணையில் புணர்தல் முதலிய ஐந்தும் ஐந்து நிலங்களுக்குப் பிரிந்து நிற்கும். மூடல் திணையில் ஐந்தும் ஒரே பயணிக்கு வாய்க்கின்றன.

புணர்தல். முன்பின் அறியாத இருவர் எதிர்ப்படுகின்றனர். "எந்த ஊர்? சென்னையா? என் தம்பி அங்கேதான் படிக்கிறான்!" பிறகு பயணியின் வரைபடத்தை வாங்கிக் கோயில்களை வட்டமிடுகிறார், ஓரத்தில் ஒரு கடையையும் குறிக்கிறார். துக்-துக்கைக் கைதட்டி அழைத்து, நமக்காகப் பேரம் பேசி, 40 பாட்டை 20 ஆக்கியும் தருகிறார். தமக்காக வேற்றூரில் இன்னொருவர் பேரம் பேசக் கண்ட தமிழர் உருகாமல் இருப்பது அரிது.

இருத்தல். நகைக்கடையில் நிகழ்வது. இதற்கு முன்பே கோயில் வளாகத்தில் பாங்கன் ஒருவர் தற்செயலாக வந்து, அரசின் சலுகை விற்பனை இன்றோடு முடிகிறது, வாங்கிப்போய் ஊரில் விற்றால் இரட்டிப்பு லாபம் என்று சொல்லியிருப்பார். பாங்காக் வண்ணக்கல் வணிகத்தில் உலகப் பெருநகரம். சந்தபுரி மாணிக்கமும் காஞ்சனபுரி நீலமும் பெயர்பெற்றவை. பொய்க்கு இவ்வளவு உண்மை முட்டுக்கொடுக்கிறது. கல்லும் பெரும்பாலும் மெய்யான கல்லே, தரம் மட்டும் தாழ்ந்தது. போலியாயிருப்பது விலை.

பிரிதல். பயணியும் பணமும் பிரிவது. வாங்கிய கல்லைப் பொதிந்து முத்திரையிடுவர். ஊர் சேரும்வரை திறக்கலாகாது என்பர்.

இரங்கல். ஊரில் நகை மதிப்பீட்டாளர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "எவ்வளவு குடுத்தீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்கும் இடம்.

ஊடல். "நான் அப்பவே கேட் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வரலாம்னு சொன்னேன்." ஐந்தனுள் நெடுநாள் நீடிப்பது இதுவே.

மறுப்பும் விடையும்

ஈண்டு ஒரு மறுப்பு. அரண்மனை சில நாள் உண்மையிலேயே மூடுவதுண்டு. 2017 அக்டோபரில் மன்னர் பூமிபாலின் தகனச் சடங்கை ஒட்டி மூடப்பட்டது. அன்று மதிலோரம் நின்றவர் மெய்யர் ஆகாரோ? எனின், ஆவர். ஆனால் அன்று அவர் சொன்னதையே விசேத் சாய் சி வாயிலும் சொல்லியிருக்கும்.

இன்னொரு மறுப்பு. பத்து நிமிடம் நடந்தால் உடையும் பொய்யை முதலாகப் போடுவது மடமையன்றோ? அன்று. 2012இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி, நைஜீரியப் புதையல் மின்னஞ்சல்கள் ஏன் அவ்வளவு நம்பத்தகாதனவாக இருக்கின்றன என்று ஆராய்ந்தார். ஐயப்படுவோர் தொடக்கத்திலேயே கழன்றுகொண்டால், மிஞ்சுவோரிடம் மட்டும் உழைத்தால் போதும் என்பதே அவர் கண்ட விளக்கம். மூடலும் அத்தகைய நுழைவுத் தேர்வே. நடந்துபோய்ப் பார்ப்பவர் தேர்வில் தோற்று, 500 பாட் கொடுத்து அரண்மனைக்குள் போய்விடுகிறார். பார்க்காமல் நம்பியவர் தேறி, நீலக்கல்லின் முன் அமர்த்தப்படுகிறார். கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்காதவர் கல்லின் தரத்தையா பார்க்கப் போகிறார்?

ஆய்வு முடிவுகள்

ஒன்று. பயணி ஏன் நடந்துபோய்ப் பார்ப்பதில்லை? அறிவின்மையால் அன்று, முகதாட்சண்யத்தால். அக்கறையோடு சொன்ன ஒருவரைத் தாண்டி நடப்பது அவர் முகத்துக்கு நேரே "நீ பொய்யன்" என்பது போல ஆகுமே என்ற கூச்சம். ஆகவே இத்தொழிலின் மூலப்பொருள் பயணியின் பேராசை மட்டுமன்று, அவருடைய நல்ல வளர்ப்பும்கூட. பேராசை நகைக்கடையில்தான் விழிக்கிறது. மதிலோரத்தில் வேலைசெய்வது மரியாதையே.

இரண்டு. இதனால் பாங்காக் மக்களின் உதவியை ஐயுறுதல் தகாது. நாம் வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுவோர் அங்கே உண்டு. முதலில் பேசியவர் யார் என்பதைக் கொண்டு இவர்களையும் மூடல் மரபினரையும் வேறுபடுத்தலாம். ஏமாந்தபின் அழைக்கவேண்டிய சுற்றுலாக் காவல்துறை எண் 1155.

மூன்று. மரியாதையும் கெடாமல் பணமும் போகாமல் இருக்க இக்கட்டுரை பரிந்துரைக்கும் மறுமொழி: "அப்படியா? ரொம்ப நன்றிங்க. மூடின அரண்மனையைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்." சொல்லிக் கும்பிட்டுவிட்டு வடக்கு நோக்கி நடக்க வேண்டும்.

நான்கு. இவ்விதிகளுக்குப் புறனடை ஒன்று உண்டு. வாயிலை அடைந்தபின் சீருடைக் காவலர் "உள்ளே போகக் கூடாது" என்றால் நம்பிவிடுக. அரைக்கால் சட்டைக்கு அங்கே உண்மையாகவே அனுமதியில்லை.