ப்ரீஆம்ப் பரீட்சகர்

2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைப் போலவே, வீட்டு ஒலிப்பதிவாளர் என்னும் இனத்துக்கும் ஒரு மலைவகை உண்டு. கொடைக்கானல் மேல்மலையின் போளூரில், பூண்டு மூட்டை அடுக்கும் அறையில் பாதியைப் பிடித்துக்கொண்டு அதற்கு ‘ஸ்டுடியோ’ என்று பெயரிடுபவரே அவர்.

இவருடைய கவலை மில்லிவோல்ட்டில் அளக்கத்தக்கது. டைனமிக் மைக், அதாவது காந்தத்துக்கிடையே சுருள் அசைவதால் மின்சாரம் எழும் வகை, பேச்சுக்குரலை ஓரிரு மில்லிவோல்ட்டாகவே தருவதால், அதைப் பதிவுக்கருவி ஏற்கும் அளவுக்கு உயர்த்த ப்ரீஆம்ப் எனப்படும் முன்பெருக்கி வேண்டியிருக்கிறது. 60 டெசிபெல் பெருக்கினால் மின்னழுத்தம் 1000 மடங்காகும், பெருக்கியின் வாயிலில் எழும் இரைச்சலும் உடன் வளரும். அவ்விரைச்சல் மைனஸ் 128 டெசிபெல் என்று விவரத்தாளில் கண்டிருப்பதை இவர் மனப்பாடமாகச் சொல்வார். தகரக்கூரையில் விழும் மழைக்கு விவரத்தாள் இல்லாமையால் அது கணக்கில் சேர்வதில்லை.

மலிவான ப்ரீஆம்ப் ஒன்றைத் தருவித்து, ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று பழையதிலும் புதியதிலும் மாறிமாறிப் பேசிப் பார்த்தபின், மேல்மலைக் குளிரில் கம்பளியும் தராத ஒரு கதகதப்பு புதியதில் இருப்பதாக அறிவிக்கிறார். உண்மையில் புதியதன் குமிழ் சற்றே கூடுதலாகத் திருகப்பட்டிருக்கும். ஒரு டெசிபெல் உரத்த ஒலியைச் செவி ‘உரத்தது’ என்று உணராமல் ‘நல்லது’ என்று தீர்ப்பளித்துவிடும் என்பதனாலேயே, முறையாக ஒப்பிடுவோர் இரண்டின் அளவையும் முதலில் சமன்செய்வர். சமன்செய்தால் கதகதப்பு போய்விடுமோ என்று இவர் அதைத் தவிர்க்கிறார். பாடல் எப்போது பதிவாகும் என்று வினவுவது இவரிடத்தில் நாகரிகக் குறைவு.

அந்த அறையில் எதிரொலியை விழுங்கி உண்மையாக உழைப்பவை சாக்குமூட்டைகளே. அவை பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கியதும் வெற்றுச்சுவர்கள் கணகணக்கத் தொடங்க, பழி ப்ரீஆம்ப்பின்மேல் விழுகிறது. அடுத்த ப்ரீஆம்ப்புக்கான பணமும் அந்த மூட்டைகளிலிருந்தே வருகிறது. அந்த ப்ரீஆம்ப் வந்துசேர்வதற்குள் மறு அறுவடை அறையை நிரப்பிவிடுவதால், புதியது முந்தையதைவிடத் தெளிவாக ஒலிப்பதும் உறுதி.