மூணு பட்டன் கொள்கை

உலக அரசியலில் எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. காலர் வைத்த டீ-ஷர்ட் போடுகிறவன் நண்பன். ரவுண்ட் நெக் போடுகிறவன் எதிரி. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் திருப்பூரில் காஜா பட்டன் யூனிட் வைத்துப் பார்க்க வேண்டும். காலர் பீஸ் ஒன்றுக்கு மூணு காஜா, மூணு பட்டன். பொடிசுகள் சைஸ் என்றால் ரெண்டு. ரவுண்ட் நெக்கில் என்ன இருக்கிறது? தலை நுழைகிற ஓட்டை ஒன்றுதான், அதையும் கட்டிங் மாஸ்டரே போட்டுவிடுவார்.

இந்தக் கணக்கில் டொனால்டு ட்ரம்ப் நம்ம ஆள் என்றுதான் ரொம்ப நாளாய் நம்பிக்கொண்டிருந்தேன். மனுஷர் கோல்ஃப் ஆடும் படங்களைப் பாருங்கள், வெள்ளைக் காலர் டீ-ஷர்ட்டும் கையுமாய் நிற்பார். பி.என். ரோட்டுப் பேக்கரியில் அவருக்காக நான் டீ ஆறுகிற வரைக்கும் வாதாடியிருக்கிறேன்.

2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி ஷேக் ஹசீனா டாக்காவை விட்டு ஹெலிகாப்டர் ஏறினார். அதையும் அதே பேக்கரி டிவியில்தான் பார்த்தோம். பார்த்த நிமிஷமே, "பங்களாதேஷ் ஆர்டர் பூராவும் இனி நமக்குத்தானுங்க" என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அதோடு எழுந்து வந்திருந்தால் நானும் ஒரு மரியாதையான அரசியல் விமர்சகன். டிவியில் விவாதம் பண்ணுகிறவர்கள் யாராவது தாங்கள் சொன்னதைத் தாங்களே நம்பி மிஷின் வாங்குகிறார்களா? நான் வாங்கினேன். ஜப்பான் காஜா மிஷின், செகண்ட் ஹேண்ட், பைனான்ஸில்.

"ஏனுங்க, அந்த ஊர்ல கலவரம்னா நாம எதுக்குங்க கடன் வாங்கோணும்?" என்றாள் வீட்டுக்காரி. உலக விவகாரம் இவளுக்கு எங்கே புரியப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஆகஸ்ட் வந்தது. 7ஆம் தேதியிலிருந்து இந்தியச் சரக்குக்கு 25 சதவீத வரி என்றார் ட்ரம்ப். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று 27ஆம் தேதியிலிருந்து இன்னொரு 25. ஆக மொத்தம் 50. நான் ஆர்டரைப் பறிப்பதாய் இருந்த அதே பங்களாதேஷுக்கு 20தான். நம்ம ஊரிலிருந்து கப்பல் ஏறுகிற பனியனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பையர் எக்ஸ்போர்ட்காரரிடம் 'கொஞ்சம் நிறுத்துங்க' என்பார். அவர் தையல் யூனிட்டில் சொல்வார். அவர்கள் என்னிடம் வருவதற்குள் 'கொஞ்சம்' எங்கேயோ வழியில் விழுந்துவிட்டிருக்கும். நான் சொல்லுகிறேன், என் ஆயுசில் ஒரு சொட்டு ரஷ்ய எண்ணெயைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் காலம் காலமாய்ச் செக்கில் ஆட்டின கடலெண்ணெய்தான்.

ஜப்பான் மிஷினுக்குப் பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி வைத்தேன். பைனான்ஸ்காரர் தினமும் காலையில் வாட்ஸப்பில் 'வணக்கம்ணா' என்று அனுப்புவார். கை சும்மா இராமல் திறந்துவிடுவேன். உடனே ரெண்டு நீல டிக் விழும். பணம் எப்போது என்று அடுத்த மெசேஜ் வரும். இணைய அந்தரங்கம் பற்றி எனக்கு அக்கறை பிறந்தது அந்த நீல டிக்கில்தான். பையனைப் பிடித்து நீல டிக்கை அணைத்தேன். கடைசியாய் வந்த நேரத்தை மறைத்தேன். போட்டோவை மறைத்தேன். கடைசியில் பைனான்ஸ்காரரையே ப்ளாக் பண்ணினேன்.

இத்தனைக்கும் அவரிடம் என் ஆதார், வீட்டுக்காரி ஆதார், ரேஷன் கார்டு, கையெழுத்துப் போட்ட செக் எல்லாம் இருக்கிறது. கண்ட இடத்தில் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்காதீர்கள் என்று 2022 மே 27ஆம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு எச்சரிக்கை விட்டது. 29ஆம் தேதி அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள். அந்த ரெண்டு நாளில் யாராவது கேட்டிருந்தால் கண்டிப்பாய்க் கொடுத்திருக்க மாட்டேன்.

இருந்தாலும் சட்டம் நம் பக்கம். 2017 ஆகஸ்ட் 24 அன்று (பாருங்கள், இதுவும் ஆகஸ்ட்) சுப்ரீம் கோர்ட்டில் 9 நீதிபதிகள் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். ராத்திரி சாப்பாட்டில் இதை வீட்டுக்காரிக்கு விளக்கினேன். பொறுமையாய்க் கேட்டாள்.

"அதெல்லாம் சரிங்க. சக்கரையை வெச்சுக்கிட்டு இன்னிக்கு எத்தன தேங்காய் பன் தின்னீங்க?"

பேக்கரியில் நான் ஸ்கேன் பண்ணினதும் அங்கிருக்கிற பேமெண்ட் பெட்டி தொகையைத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறது. அது போதாதென்று, பேங்க் கணக்கில் கொடுத்திருப்பது அவள் போன் நம்பர். நான் பன்னைக் கடிப்பதற்குள் அவளுக்கு எஸ்.எம்.எஸ். போய்விடுகிறது.

சரி, உள்ளூரில் மானம் போனாலும் அமெரிக்காக்காரனிடமாவது தப்பிப்போம் என்று 2025 அக்டோபரில் வாட்ஸப்பை விட்டு அரட்டைக்கு மாறினேன். காரணம் பட்டன்தான். வாட்ஸப் யாருடையது? மார்க் ஜக்கர்பெர்க். எந்தப் படத்தைப் பார்த்தாலும் சாம்பல் கலர் ரவுண்ட் நெக். அரட்டை ஸோஹோவுடையது, அந்தக் கம்பெனியின் ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் வேட்டி சட்டையில் சைக்கிள் ஓட்டுகிறவர். சட்டை என்றால் எத்தனை பட்டன்! 2021லேயே வந்த செயலிதான், ஆனால் அந்த செப்டம்பர் கடைசியில்தான் ஊரெல்லாம் அதே பேச்சானது.

"அப்பா, இதுல மெசேஜுக்கு இன்னும் என்கிரிப்ஷன் வரல. காலுக்குத்தான் இருக்கு" என்றான் பையன். வேட்டி கட்டினவர் வேவு பார்க்க மாட்டார் என்று அவனை அடக்கினேன்.

உள்ளே போனால் ஒரு குஞ்சு இல்லை. மச்சான் இல்லை, டெய்லர்கள் இல்லை, பேக்கரி ஜமா இல்லை. தேசபக்திக்கு வந்த சோதனையை நினைத்து நொந்துகொண்டிருந்தபோது ஒரு மெசேஜ் வந்து விழுந்தது.

"அண்ணா! நீங்களும் நம்மூர் ஆப்புக்கு வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சுங்க. அந்த வாட்ஸப் சரியில்லீங்ணா, உங்களுக்கு அனுப்பினா போகவே மாட்டேங்குது."

நான் பதில் யோசிப்பதற்குள் கால் பண்ணிவிட்டார். பையன் சொன்னது சரிதான். அடுத்த பத்து நிமிஷம் பைனான்ஸ்காரர் என்னைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தை கூட மூன்றாவது ஆளுக்குக் கேட்டிருக்காது.