பெயர் சூட்ட என்ன அவசரம்?

கேள்வி: பூமிக்குள் மிக அதிகமாக இருக்கும் கனிமத்துக்கு 2014 வரை பெயரே இல்லையாமே! அதுவரை கனிமவியலாளர்கள் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்?

பதில்: தேடிக்கொண்டிருந்தார்கள்! நீங்கள் கேட்பது பிரிட்ஜ்மனைட். முக்கியமாக மக்னீசியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த கனிமம். பூமியின் மொத்தக் கன அளவில் சுமார் 38 சதவீதம் இதுதான் என்று கணித்திருக்கிறார்கள். ஆனால் இது இருப்பது 660 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே. மனிதன் போட்ட மிக ஆழமான துளையோ, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. மேலே கொண்டுவர முடிந்தாலும், அழுத்தம் குறைந்ததும் அதன் படிக அமைப்பு எளிதில் குலைந்துவிடும். இயற்கையில் கிடைத்த மாதிரி ஒன்றை எடுத்து, அதன் வேதி இயைபையும் படிக அமைப்பையும் அளந்து காட்டாதவரை பெயர் கிடையாது என்பது கனிமவியலின் விதி. அந்த விதிதான் இத்தனை காலம் தடுத்தது. தடுத்தது நல்லது என்பதே என் கட்சி.

கேள்வி: 1970களிலேயே ஆய்வகத்தில் இதைச் செய்துவிட்டார்கள். நிலநடுக்க அலைகளின் அளவீடுகளும் அதோடு பொருந்தி வந்தன. பிறகும் பெயர் தர மறுத்தது வறட்டுப் பிடிவாதம் இல்லையா?

பதில்: வலுவான வாதம்தான். ஆனால் பெயர் இல்லாததால் எந்த ஆராய்ச்சியும் நிற்கவில்லை. அமைப்பைச் சுட்டும் 'சிலிக்கேட் பெரோவ்ஸ்கைட்' என்ற சொல்லை வைத்துக்கொண்டே பூமியின் ஆழத்தைப் பற்றி ஏராளமாக எழுதினார்கள். கனிமப் பெயர் சொல்வது வேறு: 'இது இயற்கையில் உருவானது, இதோ மாதிரி, நீங்களும் சோதிக்கலாம்.' ஆய்வகத்தில் உண்டாக்கும் படிகங்களுக்குக் கணக்கில்லை. அவற்றுக்கெல்லாம் ஊகத்தில் பெயர் கொடுத்தால், சுமார் 6,000 கனிமங்கள் கொண்ட இன்றைய பட்டியலில் எது கிடைத்தது, எது கற்பனை என்று பிரிக்க முடியாது. காத்திருந்ததில் லாபமும் உண்டு. 1879ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் விழுந்த டென்ஹாம் விண்கல்லில், விதி கேட்ட இயற்கை மாதிரி கிடைத்தது. விண்வெளி மோதலில் கல் நசுங்கி உருகிய மெல்லிய இழைகளில் பிரிட்ஜ்மனைட் உருவாகி, சட்டென்று குளிர்ந்ததால் தப்பியிருந்தது. கூடவே இருந்த கனிமங்களை வைத்து, அந்த மோதலின் உச்ச அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல், வெப்பம் சுமார் 2,000 டிகிரி செல்சியஸ் என்று கணக்கிட்டார்கள். ஆய்வகத்தில் செய்த படிகம் இந்த வரலாற்றைச் சொல்லியிருக்குமா?

கேள்வி: வேதி இயைபு தெரிந்தாலே கனிமம் தெரிந்துவிடாதா? படிக அமைப்பு வேறு எதற்கு?

பதில்: மாவு ஒன்றாக இருப்பதால் இட்லியும் தோசையும் ஒன்றாகிவிடுமா? பூமியின் மேற்பரப்பிலும் விண்கற்களிலும் சாதாரணமாகக் கிடைக்கும் என்ஸ்டடைட்டின் இயைபும் இதேதான். அதில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவையும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கும், பிரிட்ஜ்மனைட்டில் ஆறு. கடும் அழுத்தத்தில் அணுக்கள் நெருங்கி அடுக்கப்படுவதால் வரும் மாற்றம் இது. ஆகவே வேதிப் பகுப்பாய்வு மட்டும் போதாது. எலக்ட்ரான் கற்றையை வைத்து அமைப்பைப் பார்க்கலாம் என்றால், அது பட்டாலே இந்த நுண்துகள்கள் சிதைந்தன. கடைசியில் சின்க்ரோட்ரான் என்னும் துகள் முடுக்கி தரும் கூர்மையான எக்ஸ்-கதிர்தான் கைகொடுத்தது. ஆலிவர் சானர், சி மா உள்ளிட்ட குழுவினர் அப்படித்தான் அதை நிறுவினார்கள்.

கேள்வி: கனிமப் பெயரை ஒரு கமிட்டி ஓட்டுப் போட்டுத்தான் ஏற்கிறதாமே! ஓட்டுப் போட்டால் அறிவியல் உண்மை ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் ஆணையம் வாக்களிப்பது, கொடுத்த சான்று போதுமா, பெயர் முறையானதா என்பதற்கே. மாதிரியை அருங்காட்சியகம் போன்ற நிரந்தரச் சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும். நாளை யாராவது பிழை கண்டால் அங்கீகாரத்தையும் ரத்து செய்யலாம். கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்ளவும் முடியாது. இந்தக் கனிமமும், உயர் அழுத்த இயற்பியலுக்காக 1946ல் நோபல் பரிசு பெற்ற பெர்சி பிரிட்ஜ்மனின் பெயரைத்தான் தாங்குகிறது. கேள்வி கேட்கவும் திருத்தவும் இடம் வைத்திருப்பதால்தான் அந்தப் பட்டியலை நம்பலாம். பெயர் தாமதமாக வந்ததில் நஷ்டமில்லை. சான்றுக்கு முன்னால் வந்திருந்தால்தான் நஷ்டம்.