அந்த ஆளு மாதிரி மட்டும் ஆகிடாதே, பேராண்டி

வாய்யா பேராண்டி, உக்காரு. கோல்ஃப் மட்டை வாங்கியிருக்கியாமே? உங்கப்பன் சொன்னான். பை, கையுறை, தொப்பி, அடியில முள்ளு வச்ச ஷூ, நீ மட்டையைச் சுத்துறதப் படம் பிடிச்சுக் கொறை சொல்ற ஆப்பு வரைக்கும் தயாராம். மேனேஜர் ஞாயித்துக்கிழமை ஆடக் கூப்பிட்டிருக்காராம், நீ போகலைன்னா பிரமோஷன் பக்கத்து சீட்டுக்காரனுக்குப் போயிருமாம். நல்லது, நல்லது. பந்தை அடிக்கப் பழகுறது ஒண்ணுதான் பாக்கி. அதையும் எவனாச்சும் மாசத் தவணையில வித்தா வாங்கிப் போட்றலாம்.

கெழவனுக்கு என்ன கோல்ஃப் தெரியும்னு பாக்குறியா? சின்ன வயசுல கொடைக்கானல்ல எஸ்டேட் மொதலாளிமாருக்குப் பை தூக்கினவன்டா நான். எந்த மொதலாளி பந்தைக் காலால நகட்டுவாரு, எவரு ஏழு அடி அடிச்சுட்டு அஞ்சுன்னு எழுதச் சொல்லுவாருன்னு அப்பவே அத்துப்படி. அதனால ஒரு புத்திமதி சொல்றேன், கேட்டுக்க. நிக்லாஸ் மாதிரி ஆடு, டைகர் உட்ஸ் மாதிரி ஆடு, யாரு வேணாம்னா? ஆனா லீ டிரெவினோன்னு ஒரு அமெரிக்காக்காரன் இருக்கான். அவன் மாதிரி மட்டும் ஆகிடாதே. அவன் செஞ்சது பூராம் தப்பு.

மொதத் தப்பு, பொறந்த எடம். 1939 டிசம்பர் 1, டெக்சஸ் மாநிலத்துல டல்லாஸ். மெக்சிகோ வம்சாவளி. அப்பன் முகமே தெரியாது. தாயும் தாயோட அப்பனும் வளர்த்தாக. தாத்தனுக்கு என்ன உத்தியோகம்? கல்லறையில குழி வெட்டுறது. வீட்டுல கரண்டு கெடையாது, குழாய்த் தண்ணி கெடையாது. அஞ்சு வயசுல பருத்திக் காட்டு வேலைக்குப் போயிட்டான். ஒரே ஒரு வசதி, வீட்டுக்குப் பக்கத்துலயே பணக்காரங்க ஆடுற கோல்ஃப் மைதானம். எட்டு வயசுல அங்க பை தூக்கப் போனான். பதினாலு வயசுக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு. பதினேழுல அமெரிக்க மரைன் படை, அங்க நாலு வருசம். பேராண்டி, நீ உங்கப்பன் கட்டின ஃபீஸுல இஞ்சினியரிங் முடிச்சவன். இந்த மாதிரி சகவாசமெல்லாம் உனக்கு எதுக்கு?

ரெண்டாவது தப்பு, எந்த வாத்தியார்கிட்டயும் காசு கட்டிப் படிக்கலை. அவன் மட்டையை வீசுறதப் பாத்தா மம்பட்டியால வரப்பு வெட்டுறவன் மாதிரிதான் இருக்கும். இடது பக்கம் பாத்து நிப்பான், பந்து தாழ்வாப் பறந்து லேசா வலது பக்கம் வளைஞ்சு வந்து விழும். டெக்சஸ் காத்துல ஒசரப் பறந்த பந்து ஊருக்கு வந்து சேராதுல்ல, அதுக்குத்தான் தாழ்வு. மொதல்ல அவன் பந்து இடது பக்கம் வளைஞ்சு ஓடிக்கிட்டிருந்துச்சு. பென் ஹோகன்னு பெரிய ஆட்டக்காரர் பயிற்சி பண்றதப் பாத்தான். அவரு பந்து வலது பக்கமா வளையுது. சரி, நாமளும் மாத்திருவோம்னு தானாவே மாத்திக்கிட்டான். ஃபீஸ் கெடையாது, சர்ட்டிபிகேட் கெடையாது. பந்து அடிச்சுப் பழகுற மைதானம் ஒண்ணுல வேலை பாத்துக்கிட்டே நாளுக்கு நூத்துக்கணக்குல அடிச்சான். உன் ஆப்பு இருந்திருந்தா மொத நாளே அவனைத் தப்புன்னு சொல்லித் திருத்தியிருக்கும். பின்னாடி அவன் வாங்கின ஆறு பெரிய பட்டமும் போயிருக்கும்.

அதோட விட்டானா? டாக்டர் பெப்பர்னு ஒரு சோடா. அந்தக் கண்ணாடிப் பாட்டில்ல டேப்பைச் சுத்தி, அதாலயே பந்தை அடிச்சு, மட்டை வச்சு ஆடுறவன்கிட்டப் பந்தயம் கட்டிக் காசு பறிச்சிருக்கான். ஆயிரக்கணக்கான பேரு பாக்க ஆடுறது பயமா இல்லையான்னு பின்னாடி கேட்டாங்க. பயம்னா என்னன்னு அவன் வெளக்கம் சொன்னான்: பையில ரெண்டு டாலரை வச்சுக்கிட்டு அஞ்சு டாலருக்குப் பந்தயம் கட்டி ஆடிப் பாரு, அதுதான் பயம். உனக்கு அந்தக் கவலை இல்ல. நீ தோத்தா கிரெடிட் கார்டு இருக்கு.

மூணாவது தப்பு, ஷூ தொடச்சது. எல் பாசோ ஊருல ஒரு கிளப்புல எடுபிடி வேலை பாத்தான். ஒரு நாள் ரேமண்ட் ஃபிளாய்டுன்னு பேரெடுத்த ஆட்டக்காரர் பந்தயத்துக்கு வந்து எறங்குறாரு. காருலேர்ந்து பையை எறக்கி உள்ள கொண்டுபோனது டிரெவினோ. ஷூவைத் தொடச்சு வச்சதும் அவனே. “நான் யாரோட ஆடணும்?”னு அவரு கேட்டாரு. “என்னோடதான்”னான் இவன். மனுசன் சிரிச்சிருப்பாரு. மொத நாள் தோத்தாரு. ரெண்டாம் நாளும் தோத்தாரு. மூணாம் நாள் கடைசிக் குழியிலதான் தப்பிச்சு ஜெயிச்சு, போதும்டா சாமின்னு ஊரு போய்ச் சேந்தாரு. இந்த மாதிரி மேனேஜரை ரெண்டு நாள் தோக்கடிச்சா உன் பிரமோஷன் என்னத்துக்காகும்? யோசிச்சுப் பாரு.

1967ல அமெரிக்க ஓப்பன். அவன் போறதாவே இல்ல, சம்சாரம்தான் மனுவை நிரப்பிப் பணம் கட்டி அனுப்புச்சுன்னு சொல்லுவாங்க. போனான், அஞ்சாவது எடம். மறு வருசம் 1968, ராச்செஸ்டர் ஊருல ஓக் ஹில் மைதானம். கோல்ஃப்ல கம்மியா அடிச்சவன்தான் ஜெயிச்சவன், நாலு நாள் ஆட்டம். 69, 68, 69, 69. நாலு நாளும் எழுபதுக்குக் கீழ அடிச்சு அமெரிக்க ஓப்பனை ஜெயிச்சவன் அதுக்கு முன்னாடி ஒருத்தனும் கெடையாது. கடைசி நாள் செவப்புச் சட்டை, செவப்பு சாக்ஸ் மாட்டிக்கிட்டு வந்து நின்னான். ரெண்டாவதா வந்தது யாரு? ஜாக் நிக்லாஸ்.

இங்கதான் நாலாவது தப்பு. பெரிய மனுசன்னு ஒரு மரியாதை வேணாம்? நிக்லாஸ் பதினெட்டு பெரிய பட்டம் வாங்கினவரு, இன்னைக்கு வரைக்கும் அதைத் தாண்ட ஆளில்ல. அப்பேர்ப்பட்டவரை இவன் நாலு தடவை ரெண்டாம் எடத்துல உக்கார வச்சான். 1968, 1971 அமெரிக்க ஓப்பன், 1972 பிரிட்டிஷ் ஓப்பன், 1974 பி.ஜி.ஏ. பட்டம். 1971ல மெரியன் மைதானத்துல ரெண்டு பேரும் சமமா முடிச்சாங்க. மறுநாள் பதினெட்டுக் குழியும் திரும்ப ஆடணும். ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. இவன் பைக்குள்ளேர்ந்து மக வெளையாடுற ரப்பர் பாம்பை எடுத்து நிக்லாஸ் பக்கம் வீசுறான். அவரே சிரிச்சுட்டாரு. அப்புறம் 68க்கு 71னு ஜெயிச்சுட்டுப் போனான். சிரிச்சது ரெண்டு பேருந்தான், கோப்பை ஒருத்தனுக்குத்தான்.

அந்த வருசம் ஜூன்ல இதை ஜெயிச்சான். ஜூலை தொடக்கத்துல கனடா ஓப்பன். அடுத்த வாரமே இங்கிலாந்துல ராயல் பெர்க்டேல், பிரிட்டிஷ் ஓப்பன். மூணு நாட்டுப் பட்டத்தையும் ஒரே வருசத்துல வாங்கினவன் அவனுக்கு முன்னாடி யாருமில்ல. அவனுக்குப் பின்னாடி, 2000த்துல டைகர் உட்ஸ்.

1972 கதையைக் கேளு. நிக்லாஸ் மாஸ்டர்ஸையும் அமெரிக்க ஓப்பனையும் ஜெயிச்சுட்டாரு. பிரிட்டிஷ் ஓப்பன், பி.ஜி.ஏ.யும் சேத்து நாலு பெரிய பட்டத்தையும் ஒரே வருசத்துல வாங்கிரணும்னு ஸ்காட்லாந்துல மியூர்ஃபீல்டுக்கு வந்து, கடைசி நாள் 66 அடிச்சுட்டுக் காத்திருக்காரு. பின்னாடி டிரெவினோவும் இங்கிலாந்துக்காரர் டோனி ஜாக்லினும் சமமா வர்றாங்க. பதினேழாவது குழி. டிரெவினோ நாலு அடி அடிச்சும் பந்து குழி இருக்குற பச்சைப் புல்தரையத் தாண்டிப் பின்னாடி கெடக்கு. கதை முடிஞ்சுதுன்னு அவனே நெனச்சுட்டான். நின்னு நிதானிக்காம சட்டுன்னு ஒரு தட்டு தட்டினான், நேரா குழிக்குள்ள போயிருச்சு. ஜாக்லின் மூணே அடியில புல்தரைக்கு வந்தவரு, உருட்டி உள்ள தள்ள மூணு அடி எடுத்தாரு. ஒரு அடி வித்தியாசத்துல டிரெவினோவுக்குப் பட்டம், நிக்லாஸ் ரெண்டாவது, ஜாக்லின் மூணாவது. அதுக்கப்புறம் ஜாக்லின் ஒரு பெரிய பட்டமும் ஜெயிக்கவே இல்ல. அதிர்ஷ்டம்னு சொல்லுவாங்க. இருக்கட்டும். ஆனா முந்தின நாளு கடைசி அஞ்சு குழியிலயும் ஒவ்வொரு அடி மிச்சம் பிடிச்சவன் அவன். அதிர்ஷ்டம் அஞ்சு குழிக்கா தொடர்ந்து வரும்?

1974 பி.ஜி.ஏ. இருக்கே, அதைக் கேட்டா உனக்கு வயிறு எரியும். தங்கியிருந்த வாடகை வீட்டுப் பரண்ல பழைய உருட்டுமட்டை ஒண்ணு கெடந்துச்சு. கேட்டு எடுத்துக்கிட்டுப் போய் நிக்லாஸை ஒரு அடியில ஜெயிச்சான். உன் உருட்டுமட்டை என்ன வெலைன்னு நான் கேக்கலைப்பா.

அஞ்சாவது தப்பு, சம்பாதிச்சதை வச்சுக்கத் தெரியலை. 1968ல ஹவாய் ஓப்பனை ஜெயிச்சான். டெட் மகலேனான்னு ஆட்டக்காரத் தோழன் ஒருத்தன் அந்த வருசம் கடல்ல அடிபட்டுச் செத்திருந்தான். பரிசுலேர்ந்து 10,000 டாலரை அந்தக் குடும்பத்துக்குக் குடுத்துட்டான். பெர்க்டேல் பரிசுல ஒரு பங்கு பக்கத்து அநாதை இல்லத்துக்குப் போச்சு. நீ இப்படியெல்லாம் பண்ணினா இ.எம்.ஐ. யாரு கட்டுறது?

ஆறாவது தப்பு, இடி விழுற நேரத்துல ஏரிக்கரையில பையில சாஞ்சு ஒக்காந்தது. 1975 ஜூன் 27, சிகாகோ பக்கம் பட்லர் நேஷனல் மைதானம். மின்னல் தாக்கி அவனும் கூட இருந்தவனும் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. முதுகுத்தண்டு கெட்டு, மறு வருசம் ஆபரேஷன். வேற எவனாச்சும்னா பென்ஷனைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பான். இவன் அதையும் வேடிக்கையாக்கிட்டான். மின்னல் வந்தா ஒண்ணாம் நம்பர் இரும்பு மட்டையைத் தூக்கிப் பிடிங்க, அதைக் கடவுளாலகூட அடிக்க முடியாதுன்னான். அது ரொம்பச் சிரமமான மட்டை, அதுக்குத்தான் இந்தக் கேலி. சிரிச்சுட்டு ஊரு தூங்கிருச்சு; அவன் போய்த் திரும்பப் பந்தடிச்சான். வருசம் முழுக்கச் சராசரியாக் கம்மியா அடிக்கிறவனுக்கு வார்டன் கோப்பைன்னு ஒண்ணு. அதை 1980ல, நாப்பது வயசுல, அஞ்சாவது தடவையா வாங்கினான்.

இவ்வளவு நேரம் கேலி பண்ணினேன். இப்ப நெசமான தப்பு ஒண்ணு சொல்றேன், இதை மட்டும் வெளையாட்டா எடுத்துக்காதே. அகஸ்டா மைதானத்துல நடக்குற மாஸ்டர்ஸ் பந்தயம் அவனுக்கு ஒத்துவரலை. தன்னோட தாழ்வான அடிக்கு அந்த எடம் ஆகாதுன்னு முடிவு பண்ணிட்டான். அங்க இருந்த பெரிய மனுசங்களோடயும் மனத்தாங்கல். ரோசக்காரன், கிளப் வீட்டுக்குள்ள போகாம கார் நிறுத்துற எடத்துலயே ஷூ மாத்துனான். 1970, 1971, 1974 மூணு வருசமும் போகவே இல்ல. அவன் கை உச்சத்துல இருந்த வருசங்கடா அதெல்லாம்! நாலு பெரிய பந்தயத்துல மூணை ரெண்டு ரெண்டு தடவை ஜெயிச்சவனுக்கு மாஸ்டர்ஸ் மட்டும் கடைசி வரைக்கும் கெடைக்கலை. 1989ல, நாப்பத்தொம்பது வயசுல, அதே அகஸ்டாவுல மொத நாள் 67 அடிச்சு எல்லாருக்கும் முன்னாடி நின்னான். அப்ப அந்த மைதானம் ஆகாதுங்கிறது எங்க போச்சு? போகாம விட்டது தப்புன்னு பின்னாடி அவனே ஒத்துக்கிட்டான். ரோசம் நல்லதுதான், பேராண்டி. ஆனா அது ஆட்டத்துக்குள்ள இருக்கணும். வாசல்ல நின்னு மொறைச்சுட்டுத் திரும்பினா நட்டம் நமக்குத்தான்.

வயசான பெறவாச்சும் அடங்கினானா? 1984ல ஷோல் கிரீக், பி.ஜி.ஏ. பட்டம். நாப்பத்துநாலு வயசு, ஆபரேஷன் ஆன முதுகு. திரும்பவும் நாலு நாளும் எழுபதுக்குக் கீழ, நாலு அடி வித்தியாசத்துல வெற்றி. அம்பது வயசு ஆனதும் மூத்தவங்க பந்தயத்துக்குப் போனான். 1990ல அங்க ஏழு பந்தயம் ஜெயிச்சு, இளவட்டங்க ஆடுற பி.ஜி.ஏ. டூர்ல அந்த வருசம் மொதலா சம்பாதிச்ச கிரெக் நார்மனைவிட அதிகமா சம்பாதிச்சான். மொத்தக் கணக்கு: பி.ஜி.ஏ. டூர்ல 29 வெற்றி, மூத்தவங்க டூர்லயும் 29. பி.ஜி.ஏ. டூர் வெற்றியில ஆறு பெரிய பட்டம்.

எண்ணிக்கையை விடு. வாசல்ல பை தூக்குற பையனுக்கும் கிளப்புக்குள்ள ஒக்காந்திருக்குற மொதலாளிக்கும் நடுவுல அப்பப் பெரிய சுவரு. அவன் ஆடுன எடத்துக்கெல்லாம் கட்டட வேலைக்காரனும் தோட்டக்காரனும் கூட்டம் கூட்டமா வந்து நின்னு கத்துனாங்க. “லீயோட தெள்ளுப்பூச்சிங்க”ன்னு அந்தக் கூட்டத்துக்கே பேரு. இந்த ஆட்டம் நமக்கும்தான்னு அவங்க நெனச்சதுக்கு அவன் ஒரு காரணம். வாயாடின்னு உலகமே அவனைச் சொல்லுச்சு. பேசுறது கூட்டத்துக்கு, அடிக்கிறது தனக்குன்னு அவன் பிரிச்சு வச்சிருந்தான். நம்மாளுங்க பல பேரு மொத பாதியை மட்டும் கத்துக்குறோம்.

சரி, கெளம்பு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளு. ஞாயித்துக்கிழமை உன் பையைத் தூக்க ஒரு பையன் வருவான். அவன் பேரைக் கேட்டுக்க. கூலியைக் கையோட குடு, பாக்கி வைக்காதே. ஆட்டம் முடிஞ்சதும் மட்டையை அவன் கையில குடுத்து ரெண்டு பந்து அடிக்கச் சொல்லு. அவன் அடிக்கிறதைப் பாத்துட்டு, பந்தயம் கட்டலாமா வேணாமான்னு முடிவு பண்ணு.