உடைத்து ஒட்டிய ஆகாய வரலாறு

2020 ஜூலையில் இலங்கைப் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வந்தது. இராவணன் காலத்து விமானப் போக்குவரத்துப் பற்றி ஏடோ, புத்தகமோ, வேறு ஆதாரமோ வைத்திருப்பவர்கள் தந்து உதவுங்கள் என்று சுற்றுலா, விமானப் போக்குவரத்து அமைச்சு பொதுமக்களைக் கேட்டிருந்தது. கொரோனாவால் கட்டுநாயக்காவில் பிளேன்கள் வரிசையாக நின்று வெயில் காய்ந்த காலம் அது. இருக்கிற பிளேன் பறக்காதபோது இல்லாத பிளேனைத் தேடுவது அரசாங்க உத்தியோகத்தில் ஒரு முறைதான். அதற்கு முந்தின வருஷம் கட்டுநாயக்காவில் ஒரு மாநாடு கூடி, இராவணன் 5000 வருஷத்துக்கு முன்பே இந்தியாவுக்குப் பறந்து போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தார் என்று முடிவு கட்டியிருந்தது. நாட்டின் முதல் செயற்கைக்கோளுக்கும் 2019இல் ராவணா-1 என்று பெயர் வைத்தார்கள். அதை நம்நாட்டு எஞ்சினியர்கள் இரண்டு பேர் கட்டினார்கள். கட்டிய இடம் ஜப்பான்.

இராவணனை நான் குறை சொல்லமாட்டேன். சிவபக்தர், வீணை வாசிப்பவர், திருகோணமலையில் மலையையே வெட்டினவர் என்று பெயர் வாங்கியவர். ஆனால் புட்பக விமானத்தின் கணக்கைச் சரியாக எழுதவேண்டும். அவர் அதைக் கட்டவில்லை. அண்ணன் குபேரனை அடித்துத் துரத்திவிட்டுப் பறித்துக்கொண்டார். ஆக, இந்தத் தீவின் முதல் பிளேன் செகண்ட் ஹேண்ட். பதிவுப் புத்தகம் இல்லை, முந்தின உரிமையாளரின் கையெழுத்தும் இல்லை. யுத்தம் முடிந்ததும் இராமர் அதில் அயோத்திக்குப் போய் இறங்கி, வண்டியை உரிமைக்காரனிடமே திருப்பி அனுப்பிவிட்டார். அமைச்சு தேடிய ஆதாரம் எல்லார் வீட்டு அலுமாரியிலும் இருந்தது. யாரும் கொண்டுபோய்க் கொடுக்காததற்குக் காரணம், அதைப் படித்தால் களவு வழக்கு ஒன்று கிளம்பும் என்பதாக இருக்கலாம்.

அதற்குப் பிறகும் எங்கள் ஆகாய வரலாறு அந்தப் பாதையில்தான் போனது. யாரோ செய்ததை வாங்கினோம். கொண்டுவந்து விழுத்தினோம். பொறுக்கி ஒட்டினோம். மறுபடியும் விழுத்தினோம். 5000 வருஷப் பெருமையை விட எனக்கு இந்த நூறு வருஷ ஒட்டுவேலையில்தான் மதிப்பு அதிகம்.

1911இல் கொலின் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் கொழும்புக்கு ஒரு ப்ளெரியோ விமானத்தை இறக்குமதி செய்தார். தொழிலால் கார் விற்பவர். கார் வாங்கவே ஆள் குறைவாக இருந்த ஊரில் பிளேன் கொண்டுவந்து வைத்த அந்தத் துணிச்சலைப் பாராட்டவேண்டும். அது பறந்து வரவில்லை, கப்பலில் வந்தது. துறைமுகத்தில் இறங்கிய சாமான் எதுவானாலும் கொட்டாஞ்சேனைப் பக்கத்து சுமைதூக்கும் நாட்டாமைகளின் முதுகில்தான் கரையேறும். அந்தப் பெட்டிக்குள் இருந்தது மரச்சட்டம், துணி, கம்பி, ஓர் எஞ்சின். 1909 ஜூலையில் லூயி ப்ளெரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியதும் இந்த ரகத்தில்தான். சிறகின் அகலம் 8 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, எடை 230 கிலோ அளவு, அன்சானி எஞ்சினின் வலு 25 குதிரை. இன்றைக்கு வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் ஓடுகிற எந்தக் குட்டிக் காருக்கும் அதைவிட வலு அதிகம்.

இந்த 25 குதிரையும் ஐரோப்பியக் குளிரில் எண்ணிய குதிரைகள். கொழும்பு வெயிலில் காற்று சூடேறி ஐதாகும். ஐதான காற்றில் சிறகுக்குத் தூக்குவலு குறையும், எஞ்சினுக்கு மூச்சுக் குறையும், சுழலிக்கும் பிடிமானம் குறையும். மூன்றும் சேர்ந்து குறைகிற இடத்தில் ஓடுபாதை நீளமாக இருக்கவேண்டும். எங்களிடம் இருந்தது குதிரைப் பந்தயத் திடல். அது குதிரை வட்டமாக ஓடுவதற்காகப் போட்டது, பிளேனோ நேராக ஓடவேண்டியது. சுற்றிவர மரங்கள் வேறு. ப்ளெரியோ வந்து ஒரு வருஷமாகியும் கொழும்பு வானத்தில் காகம்தான் பறந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் என் அபிமான நாயகன் வருகிறார். பெயர் ஃபிரான்ஸ் ஓஸ்டர். ஜெர்மன்காரர், முன்னாள் கடற்படை ஆள், சீனக் கரையில் ஜெர்மனியிடம் இருந்த சிங்தாவ் நகரத்தில் 1899இலிருந்து குடியிருந்தவர். பியர் குடிப்பவர்களுக்கு அந்த ஊரைத் தெரிந்திருக்கும். 1911இல் ஜெர்மனிக்குப் போன மனிதர், திரும்பும் வழியில் டௌபே ரக விமானத்தோடு கொழும்பில் தங்கினார். இந்த டௌபேயின் சிறகு, ஜாவாப் பக்கத்துக் காடுகளில் படரும் ஒரு கொடியின் விதையைப் பார்த்து வரைந்தது. அந்த விதை மரத்து உச்சியிலிருந்து கழன்று, மெல்லிய இதழோடு வெகுதூரம் மிதந்து போகும். தாவரவியல் கணக்கில் அந்தக் கொடி எங்கள் பூசணிக்கும் சுரைக்கும் சொந்தம். சுரைக்குடும்பத்து விதையை நம்பி ஏறிய ஓஸ்டர், பந்தயத் திடலில் ஓடி, எழும்பி, விழுந்தார். விதைக்கு எஞ்சின் கிடையாது, அதனால் அது மிதந்தது. இவருக்கு எஞ்சின் இருந்தது. ஆளை ஆஸ்பத்திரிக்கும் பிளேனைப் பெட்டிக்குமாகப் பிரித்து எடுத்துப் போனார்கள்.

வேறு யாராவது என்றால் மிச்சத்தை அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டுத் தேயிலைக் கம்பனியில் வேலை தேடியிருப்பார்கள். ஓஸ்டர் உடைசலைக் கப்பலில் ஏற்றிச் சிங்தாவுக்குக் கொண்டுபோனார். அங்கே கப்பல் பட்டறையில் வைத்துத் திருத்தினார்கள்.

திருத்துவது என்றால் என்ன வேலை என்று கொஞ்சம் பார்க்கவேண்டும், ஏனென்றால் பாதி வேலை தச்சனுடையது, மீதி தையல்காரனுடையது. உடைந்த மரச்சட்டத்தை நீளச் சரிவாகச் சீவி, அதே சரிவில் புதுத்துண்டைச் சீவி, பசை வைத்து இறுக்கவேண்டும். சரிவு குறுகினால் காற்றில் மூட்டு விட்டுவிடும். பிறகு லினன் துணியைச் சிறகின் மேலும் கீழும் போர்த்தி, மெழுகு தடவிய நூலால் ஒவ்வொரு விலா எலும்போடும் சேர்த்துத் தைக்கவேண்டும். சிறகை நிமிர்த்தி வைத்து இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நீள ஊசியை இவர் குத்த அவர் இழுப்பார், அவர் குத்த இவர் இழுப்பார். இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நன்றாக இருக்கவேண்டும். தைத்து முடிந்ததும் டோப் என்ற மருந்தைப் பூசினால் துணி சுருங்கி விறைக்கும். விரலால் சுண்டினால் சுருதி சேர்ந்த மிருதங்கத்தின் வலந்தலைச் சத்தம் வரவேண்டும். தொப்பிச் சத்தம் வந்தால் மறுபடியும் பூச்சு. பூசுகிறவருக்கு மூன்றாம் பூச்சிலேயே அந்த மணத்தில் தலை சுற்றும். சிலபேர் பறந்த அனுபவம் அத்தோடு சரி.

1913 ஜூலையில் ஓஸ்டர் சிங்தாவில் பறந்தே விட்டார். கொழும்பு கொடுக்காத ஆகாயத்தைச் சீனா கொடுத்தது. அத்தோடு கதையை முடித்திருக்கலாம். ஆனால் 1914இல் உலக யுத்தம் வந்தது, ஜப்பான்காரர் சிங்தாவை வளைத்தார்கள். ஜெர்மன் கடற்படை இரண்டு புது டௌபே வரவழைத்திருந்தது. அதில் ஒன்று வந்த வேகத்திலேயே விழுந்து நொறுங்கியது. மிஞ்சியதை ஓட்டியவர் குந்தர் ப்ளுஷோ என்ற இளம் அதிகாரி. உடனே ஓஸ்டர் தன் பழைய டௌபேயோடு நாட்டுக்காக முன்வந்தார். ஆகஸ்ட் 22ஆம் தேதி எழும்பினார். 30 மீற்றர் உயரத்தில் பிளேன் நின்றுபோய் விழுந்தது. சிறகு போனது, ஆளுக்கு ஒன்றுமில்லை. சிறகை ஒட்டினார்கள். ஆகஸ்ட் 27ஆம் தேதி மறுபடி முயன்றார், மறுபடியும் சரிவரவில்லை. ஒட்டினார்கள். ஒக்டோபரில் இன்னொரு முயற்சி. அதற்குப் பிறகுதான் மனிதர் கையை உதறினார். நவம்பர் 6ஆம் தேதி ப்ளுஷோ தன் டௌபேயில் தப்பிப் பறந்தார், மறுநாள் நகரம் விழுந்தது. வரலாற்றுப் புத்தகங்கள் ப்ளுஷோவுக்கு அத்தியாயம் கொடுத்தன, ஓஸ்டருக்கு அடிக்குறிப்புக் கொடுத்தன. எத்தனை தரம் விழுந்தும் சலிக்காமல் பசை வாங்கப் போனவருக்குக் கொழும்பில் ஒரு ஒழுங்கையின் பெயராவது வைத்திருக்கலாம்.

கொழும்பு வானத்தில் உருப்படியாகப் பறந்தவர் பிரெஞ்சுக்காரர் மார்க் பூர்ப். 1912 டிசம்பர், அதே பந்தயத் திடல், ப்ளெரியோ விமானம். இவருடைய தாயார் லியான் டி பூஜி, பாரிஸ் நகரத்துப் பெரிய மனிதர்களின் தூக்கத்தையும் சொத்தையும் கெடுத்த புகழ்பெற்ற நாட்டியக்காரி. ஆகவே கூட்டம் சேர்ப்பது பிள்ளைக்கு இரத்தத்திலேயே இருந்தது. அந்தக் காலத்து க்னோம் எஞ்சின்களுக்கு ஊற்றியது ஆமணக்கெண்ணெய். எஞ்சின் முழுதாகச் சுழன்று அந்த எண்ணெயைப் புகையாகவும் தூறலாகவும் விமானியின் முகத்தில் அடிக்கும், அவர் மூச்சோடு சேர்த்து விழுங்குவார். ஆமணக்கெண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன நடக்கும் என்பது ஐப்பசி மாதத்தில் பேதிக்குக் குடித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பழைய படங்களில் விமானிகள் இறங்கியதும் கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டு விறுவிறு என்று நடப்பதை வீரம் என்று நினைத்திருந்தேன்.

அக்கரையில் சென்னை எங்களைவிட முந்திக்கொண்டது. 1910 மார்ச்சில் மவுண்ட் ரோட்டு ஹோட்டல் முதலாளி ஜாகொமோ டி ஆஞ்செலிஸ் தானே வரைந்து, சிம்சன் கம்பனியில் கொடுத்துக் கட்டுவித்த விமானத்தைப் பல்லாவரத்தில் ஓட்டிக் காட்டினார். இத்தனைக்கும் மனிதர் கேக், இனிப்புப் பண்டங்களில் பெயர் வாங்கியவர். இரத்மலானை விமானத் திடலில் முதலில் இறங்கிய பிளேனும் சென்னைப் பறத்தல் கழகத்தின் ஆள் டிண்டல் பிஸ்கோ ஓட்டிவந்த புஸ் மொத், 1935 நவம்பர் 27. சுதந்திரத்துக்குச் சற்று முன், 1947 டிசம்பர் 10ஆம் தேதி, எயார் சிலோன் தன் முதல் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. அதுவும் யுத்தத்தில் உழைத்துக் களைத்த டகோட்டாவை வாங்கிப் புதுப்பித்ததுதான். பெயர் சீதாதேவி. இலங்கையிலிருந்து சீதையைப் பாரதத்துக்கு அனுப்ப இந்தமுறை பாலம் கட்டவில்லை, ஒரு வாலும் எரியவில்லை, சுங்கத்தில் மட்டும் கொஞ்சம் மறித்தார்கள்.

சொந்தக் கையால் பிளேன் கட்டிய இலங்கையர் என்றால் ரே விஜேவர்தன. 1924இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் எஞ்சினியரிங் படித்தவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்க்கப்பல் ஓட்டியவர். தன்னை விவசாயி என்றும் மெக்கானிக் என்றும் சொல்லிக்கொண்டார். பெயரைக் கேட்டு எங்கள் ஆட்கள் யாரென்று விழிப்பார்கள். ஆனால் அவருடைய சரக்கை வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1950களில் அவர் வடிவமைத்த இரண்டு சில்லு உழவு இயந்திரம்தான் லான்ட்மாஸ்டர். இடப்பெயர்வுக் காலத்தில் கட்டில், கோழி, கதவுநிலை, கிழவி என்று எல்லாவற்றையும் பெட்டியில் ஏற்றி, டக்கு டக்கு என்று ஊர்விட்டு ஊர் இழுத்தது அந்தக் குடும்பத்து இயந்திரம்தான். இதில் வேடிக்கை, அதைக் கண்டுபிடித்தவரே பிறகு மனம்மாறி, எருமை சாணம் போடும், கன்று போடும், ட்ரக்டர் இரண்டும் செய்யாது என்கிற கட்சிக்குப் போய்விட்டார்.

பிளேன் விஷயத்தில் மட்டும் எருமைக்கு மாறவில்லை. சிறு விமானங்களைத் தானே வரைந்து, தானே கட்டி, தானே ஏறிச் சோதித்தார். ஹெலிகொப்டரும் ஓட்டோஜைரோவும் ஓட்டினார். இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. கட்டினவரே சோதனை விமானி என்பதால் வாடிக்கையாளர் முறைப்பாடு என்று ஒன்று வராது. வந்தால் மரண அறிவித்தலாகத்தான் வரும். 2010இல் காலமானபோது அவருக்கு 85 வயது. அவருடைய மூட்டுவேலைக்கு இதைவிடச் சான்றிதழ் தேவையில்லை.

தமிழன் ஏன் கொழும்பில் பிளேன் கட்டவில்லை என்று கேட்காதீர்கள். பருத்தித்துறையிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியவன் பையில் ஒரு குறடு இருந்தாலே அது எதற்கு என்று மூன்று இடத்தில் விளக்கம் சொன்ன காலம் இருந்தது. 2007 ஏப்ரல் கடைசியில், உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதி ஆட்டம் நடுவிலிருக்க, புலிகளின் சிலின் ரகச் சிறு விமானங்கள் வந்து எண்ணெய்த் தாங்கிகளுக்குக் குண்டு போட்டன. அதுவும் பெட்டியில் வந்து காட்டுக்குள் பூட்டிய சாமான். கொழும்பு முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். வெள்ளவத்தையில் பாதிப்பேர் இருட்டில் ஜன்னலை மூடினார்கள், மீதிப்பேர் ஸ்கோர் என்ன என்று கேட்டார்கள், விடிந்ததும் எல்லாரும் அடையாள அட்டையைத் தேடினார்கள்.

ஆனால் எங்கள் ஆட்களின் கைத்திறனில் குறை கிடையாது. 1990களில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் கார்புரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் எடுத்து, மண்ணெண்ணெயில் ஒஸ்டின் கார்களை ஓட்டிய கராஜ்காரர்கள் அவர்கள். ஓஸ்டரின் டௌபே அவர்கள் கையில் கிடைத்திருந்தால் மாலைக்குள் பறந்திருக்கும், மறுநாள் சுன்னாகச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றியிருக்கும்.

இதையெல்லாம் படித்த உஷாரில் வீட்டில் பேச்செடுத்தேன்.

“இஞ்சரும், மொட்டை மாடியில எட்டு மீற்றர் இடம் எடுக்கலாமோ?”

“உடுப்புக் காயப்போடுற கொடியை அவிழ்க்க ஒருத்தரும் விடமாட்டினம். என்னத்துக்கு?”

“ஒரு ப்ளெரியோ கட்டலாமெண்டு.”

“கட்டி எப்பிடிக் கீழ இறக்கிறது? லிஃப்ட்டுக்குள்ள எங்கட கட்டிலே நிமிர்த்தித்தான் வந்தது.”

“மேலயிருந்தே பறக்கலாம்.”

“எஞ்சின்?”

“பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில எடுக்கலாம்.”

“அதுக்கு என்ன எண்ணெய் விடுவியள்?”

“ஆமணக்கெண்ணெய்.”

“நல்லது. வாங்கிக்கொண்டு வாங்கோ. முதல்ல தலையில தேய்ச்சு ஒரு முழுக்கு முழுகுங்கோ, பிறகு யோசிப்பம்.”